214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647

எனக்கு இந்த எண் அறிமுகமானது 96 காசு வழியாக.

பல வருஷங்களுக்கு முன்பு நாங்கள் கணக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்திருந்த ஒரு மொத்த ஜவுளிக் கடையிலிருந்து ஒருநாள் காலையில் போன் வந்தது. பேசியவர் கடையின் கணக்கர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். பேரேட்டில் விரல் வைத்துக் கூட்டிப் பழகிய தலைமுறை.

"தம்பி, வருஷ விற்பனை மைனஸ்ல காட்டுதுங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு."

போய்ப் பார்த்தேன். திரையில் மொத்த விற்பனை −2,14,46,462.96 என்று இருந்தது. கணக்கர் பக்கத்தில் நின்று, தன் நோட்டில் பென்சிலால் கூட்டி வைத்திருந்த சரியான தொகையைக் காட்டினார்: 2,15,03,210 ரூபாய். அப்புறம் கடைசி இரண்டு இலக்கங்களைத் தொட்டுக் காட்டி ஒன்று சொன்னார்.

"மைனஸ் கூடப் போகட்டுங்க. இந்தத் தொண்ணூத்தாறு காசு எங்கிருந்து வந்துச்சு? நம்ம கடையில காசுல பில்லே போடறதில்லைங்களே."

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. தசமப் புள்ளியால் தொகையில் பிசிறு விழக்கூடாது என்று எல்லாத் தொகையையும் காசாக மாற்றி, முழு எண்ணாகச் சேமித்திருந்தோம். அந்த முழு எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய 32 இடங்கள். அதில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. காசாகப் பார்த்தால் 2,14,74,836 ரூபாய் 47 காசு. அதற்கு மேல் ஒரு காசு சேர்ந்தாலும் கணினி மறுகோடிக்குப் போய் −2147483648-இலிருந்து எண்ணத் தொடங்கும். அதாவது உண்மைத் தொகையில் 2-இன் 32-ஆம் அடுக்கு, 4294967296 காசு, குறைந்துபோகும். அந்த எண்ணின் வாலில் இருக்கிறது 96. கணக்கரின் கண்ணில் பட்டது அதுதான்.

இடத்தை 64 பிட்டாக்கியதும் கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் அந்த எண் என்னை விடவில்லை. அன்று இரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்: 2147483647. இலக்கங்களின் கூட்டுத்தொகை 46, ஆகவே மூன்றால் வகுபடாது. ஏழால் போகவில்லை. பதினொன்றாலும் போகவில்லை. கடைசியில் பொறுமை போய், எல்லா வகுஎண்களையும் வைத்துச் சோதிக்கும்படி நாலு வரி நிரல் எழுதி ஓடவிட்டேன். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது: எதனாலும் வகுபடாது. பகா எண்.

'பகா' என்ற சொல்லே எனக்குப் பிடித்தமானது. பகுத்துண்ணுதல் என்கிறோமே, அந்தப் பகு. பங்கு போட இடம் கொடுக்காத எண் என்று பெயரிலேயே இருக்கிறது. 214 கோடிக்கு மேலே நிற்கும் இந்த எண், 2-இலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 10,50,97,565-ஆவது பகா எண். அதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. அந்த அக்கம்பக்கத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதற்கு மட்டும் ஒரு கதை இருக்கிறது. அது கணினிக்கு முந்தையது, மின்சார விளக்குக்கும் முந்தையது.

முதலில் இதன் உடம்பு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று வைத்துக்கொண்டே போகும் கதை நமக்குத் தெரியும். 31 கட்டம் வரை வைத்துவிட்டு நிறுத்தி, பலகையில் இருக்கும் அரிசியை எண்ணினால் மிகச் சரியாக 2147483647 வரும். ஓர் அரிசியின் எடை 20 மில்லிகிராம் என்று வைத்தால் சுமார் 43 டன். பலகையில் பாதி இன்னும் தாண்டவில்லை. இரும முறையில் எழுதினால் இந்த எண் வெறும் 31 ஒன்றுகள், நடுவில் ஒரு பூஜ்யம் கிடையாது. 2³¹ − 1.

ஒன்றுகள் மட்டுமே உள்ள இப்படிப்பட்ட எண்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. 15 ஒன்றுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 111 111 111 111 111. மூன்று மூன்றாகப் பிரித்து உட்கார வைக்க முடிகிறது, பந்தியில் வரிசை போடுவதுபோல. அப்படிப் பிரிக்க முடிந்தாலே அந்த எண் 111-ஆல், அதாவது 7-ஆல், வகுபட்டுவிடும். 15 ஒன்றுகள் என்பது 32767. 16 பிட் கணினிகளின் எல்லையாக இருந்த எண். அது 7 × 31 × 151. இன்றைய 64 பிட்டின் எல்லை 63 ஒன்றுகள். 63-ஐயும் மூன்று மூன்றாக உட்கார வைக்கலாம் என்பதால் அதுவும் 7-ஆல் வகுபடும். 31 பேரை மட்டும் சம வரிசைகளில் உட்கார வைக்கவே முடியாது. ஆகவே கணினி எல்லைகளில் 8 பிட்டின் 127-உம் 32 பிட்டின் 2147483647-உம் தப்பித்தன. எல்லை அங்கே விழுந்ததற்குக் காரணம் பிட்டுகளை இரட்டித்துக்கொண்டே போன பொறியியல். அது ஒரு பகா எண்ணின் மேல் விழுந்தது தற்செயல்.

ஆனால் ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 11 பேரையும் சம வரிசையில் உட்கார வைக்க முடியாது, இருந்தும் 11 ஒன்றுகளான 2047 என்பது 23 × 89. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சோதனைதான் இந்த எண்ணின் வரலாறு.

இத்தாலியில் பியேத்ரோ கட்டால்டி 1588-இல் 17, 19 ஒன்றுகள் கொண்ட எண்கள் பகா எண்கள் என்று காட்டினார். 750 வரை பகா எண்களின் அட்டவணை ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தார். 19 ஒன்றுகள் என்பது 524287. அதன் வர்க்கமூலம் 724 சொச்சம், ஆகவே அந்த அட்டவணை போதும். அதோடு நிறுத்தாமல் 23, 29, 31, 37 ஆகியவையும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா, 23 ஒன்றுகள் கொண்டதை 47 வகுக்கும், 37 கொண்டதை 223 வகுக்கும் என்று காட்டினார். 29-ஐ சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் 1738-இல் உடைத்தார். வகுக்கும் எண் 233. கட்டால்டி சொன்ன நான்கில் மிஞ்சியது 31 மட்டும். மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது, ஆனால் நிரூபணம் இல்லாமல். அதே பட்டியலில் இருந்த 67-உம் 257-உம் தவறு என்று பிற்பாடு தெரிந்தது. ஆக, பட்டியலில் இருப்பதை நம்ப முடியாது.

சும்மா வகுத்துப் பார்த்தால் என்ன? 2147483647-இன் வர்க்கமூலம் 46340 சொச்சம். அது வரை உள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4,800. பத்து இலக்க எண்ணை அவை ஒவ்வொன்றாலும் கையால் வகுக்க வேண்டும். அதற்கு முன்பு அந்த 4,800 எண்களின் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

1772-இல் ஆய்லர் பெர்லினில் இருந்த கணிதவியலாளர் மூன்றாம் யோஹான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண் பகா எண் என்று அறிவித்தார். அப்போது அவருக்கு 65 வயது, இருந்த ஊர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ஒரு கண் முன்பே போயிருந்தது. இன்னொன்றுக்கு 1771-இல் புரை அறுவை செய்தும் பார்வை நிலைக்கவில்லை. அதே வருஷம் ஊரில் பற்றிய பெருந்தீயில் வீடும் எரிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் செய்த வேலை இது என்று படித்தபோது, என்ன செய்தார் என்று வரிவரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பள்ளிக் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை, கொஞ்சம் நிதானம் போதும்.

நம் எண்ணை வகுக்கும் பகா எண் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் 'க'. 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் க-வால் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 2³¹ என்பது நம் எண்ணைவிட ஒன்று கூடுதல். நம் எண் க-வால் மீதியின்றிப் போகிறது என்றால், 31-ஆவது இடத்தில் மீதி 1 வந்தே தீரும். 1 வந்ததும் வரிசை மறுபடி 2, 4, 8 என்று முதலிலிருந்து சுற்றும். இந்தச் சுற்றின் நீளம் 31-ஐ வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். 31-ஐ வகுப்பவை 1-உம் 31-உம் மட்டும். முதல் படியே 2 என்பதால் நீளம் 1 ஆகாது. ஆகவே சுற்று மிகச் சரியாக 31.

இன்னொரு பக்கம், ஃபெர்மா சொன்ன ஒரு விதி இருக்கிறது: ஒற்றைப் பகா எண் எதுவாக இருந்தாலும், அதைவிட ஒன்று குறைவான படிகளில் இந்த வரிசை 1-க்கு வந்துவிடும். அதாவது க − 1 படிகளில். 31 படிக்கு ஒருமுறை 1 வரும் வரிசை க − 1 படியிலும் 1-இல் நிற்கிறது என்றால், க − 1 என்பது 31-இன் மடங்கு. க ஒற்றை எண், ஆகவே க − 1 இரட்டை. ஆகவே 62-இன் மடங்கு. க-வாக இருக்கத் தகுதியுள்ளவை 63, 125, 187, 249, 311 என்று 62 தாண்டித் தாண்டித்தான் வர முடியும். ஒரே அடியில் பெரும்பாலான பகா எண்கள் கழிந்துவிட்டன.

இதற்கு அடுத்த படிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2³¹-இன் மீதி 1 என்றால், 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஆகவே க-வால் வகுத்து மீதி பார்க்கும்போது 2 ஒரு வர்க்க எண்போல நடந்துகொள்கிறது. எந்த ஒற்றைப் பகா எண்ணிடம் 2 இப்படி நடந்துகொள்கிறதோ, அந்தப் பகா எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வரும். 3-உம் 5-உம் வராது. மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள்: 63-இன் மீதி 7, 125-இன் மீதி 5, 187-இன் மீதி 3, 249-இன் மீதி 1. நடு இரண்டும் போயின. மிஞ்சுவது இரண்டே வரிசைகள்: 248-இன் மடங்கோடு 1 கூட்டியவை, 248-இன் மடங்கோடு 63 கூட்டியவை. ஆய்லர் தன் கடிதத்தில் எழுதியதும் இந்த இரண்டு வரிசைகளைத்தான்.

இப்போது 3000-க்குள் எத்தனை வகுத்தல் என்று பாருங்கள். 3000-க்குள் 430 பகா எண்கள் இருக்கின்றன. இந்த இரண்டு வரிசைகளில் அகப்படுபவை 311, 1303, 1489, 2543, 2729, 2791. ஆறே ஆறு. 46340 வரை போனாலும் எண்பத்துச் சொச்சம்தான். நாலாயிரத்து எண்ணூறு எண்பதாகிவிட்டது. எண்பதைக் கையால் செய்யலாம்.

செய்யலாம் என்று எழுதுவது வேறு, செய்வது வேறு. போன கோடை விடுமுறையில் அக்கா மகள் வந்திருந்தாள், ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல ஒரு செகண்ட்ல வந்துருமே மாமா, அப்புறம் எதுக்குக் கையால?" என்றாள். என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்: கணினி 'ஆம்' என்று சொன்னபோது எனக்கு அந்த எண்ணைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடவில்லை. அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, எண்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். இரண்டு வரிசைகளையும் எழுதி, அதில் பகா எண் எது, உடைவது எது என்று சலிப்பது அவள் பொறுப்பு. அவள் சலித்துக் கொடுத்த எண்களால் வகுப்பது என் பொறுப்பு. முதல் எண் 311. ஈவு 6905092, மீதி 35. ஒரு வகுத்தலில் தப்பு நேர்ந்தாலும் மொத்த வேலையும் வீண் என்பதால், ஒவ்வொன்றையும் ஒன்பதால் சரிபார்த்தோம். 311-இன் இலக்கக் கூட்டல் 5. ஈவின் கூட்டல் 31, அதாவது 4. ஐந்நான்கு இருபது, அதாவது 2. மீதி 35-இன் கூட்டல் 8. இரண்டும் எட்டும் பத்து, அதாவது 1. நம் பெரிய எண்ணின் கூட்டல் 46, அதாவது 10, அதாவது 1. சரி. அவள் பள்ளியில் இந்த முறையைச் சொல்லித் தந்ததில்லை. நான்காவது வகுத்தலுக்குள் என்னைவிட வேகமாகச் செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

1303-க்கு மீதி 226. 1489-க்கு மீதி 199. இப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு, மாலைக் காப்பிக்கு அப்புறம். மீதி சிறிதாக வரும்போதெல்லாம் இருவருக்கும் ஒரு படபடப்பு. விடை இருநூற்றைம்பது வருஷமாகத் தெரிந்ததுதான், ஆனாலும் படபடப்பு இருந்தது.

இந்த நோட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில் எண்ணின் மற்ற முகங்களையும் அவளுக்குக் காட்டினேன். அவற்றில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, கலைத்துப் போடும் வேலை. சிறிய பகா எண் ஒன்றை எடுங்கள், 7. 1-இல் தொடங்கி 3-ஆல் பெருக்கி, 7-ஆல் வகுத்த மீதியை எழுதிக்கொண்டே போங்கள்: 1, 3, 2, 6, 4, 5, பிறகு மறுபடி 1. ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லாம் வந்துவிட்டன, எதுவும் இரண்டு முறை வரவில்லை, வரிசையும் கலைந்திருக்கிறது. இதையே நம் எண்ணை வைத்துச் செய்யலாம். 1-இல் தொடங்கி 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்த மீதி: 16807, அடுத்து 282475249, அடுத்து 1622650073, அடுத்து 984943658. 214 கோடிச் சொச்ச எண்களும் ஒருமுறைகூடத் திரும்ப வராமல் வந்து முடிந்த பிறகுதான் 1 மறுபடி தலைகாட்டும். 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. 7 இந்தப் பகா எண்ணின் ஆதிமூலம், அதாவது 7-ஆல் பெருக்கிக்கொண்டே போனாலும் எல்லா மீதிகளும் வந்துவிடும். கணினிகளுக்குப் போலித் தற்செயல் எண்கள் தேவைப்பட்டபோது, 1960-களின் இறுதியிலேயே இந்த முறை புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் எல்லோரும் குறைந்தபட்சம் இதையாவது பயன்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தார்கள். சீட்டுக் கலைப்பதிலிருந்து சோதனை மாதிரிகள் வரை எத்தனையோ நிரல்கள் இந்தச் சுற்றில் ஓடியிருக்கின்றன. பகா எண் என்பதாலும், பெருக்கும் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாலும்தான் சுற்று எங்கும் முன்கூட்டியே முடிந்துபோகாமல் முழுசாக ஓடுகிறது.

இரண்டாவது, நிறைவு எண். 6-ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3, கூட்டினால் 6. 28-க்கும் அப்படித்தான். ஒன்றுகள் மட்டும் கொண்ட ஒவ்வொரு பகா எண்ணும் இப்படி ஒரு நிறைவு எண்ணைக் கொடுக்கும். நம் எண் கொடுப்பது எட்டாவது நிறைவு எண், 2305843008139952128. இதைப் பற்றித்தான் 1811-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ, இனி இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று எழுதினார். அவர் சொன்ன காரணம்: இவையெல்லாம் வெறும் ஆர்வத்துக்குரியவை, பயன் எதுவும் இல்லை, இதற்கு மேல் தேட யார் மெனக்கெடப் போகிறார்கள்? பார்லோ பெரிய உழைப்பாளி, அவர் தயாரித்த கணித அட்டவணைகள் தலைமுறைகள் கடந்து உதவின. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில் அவர் மனிதர்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். 1876-இல் பிரான்சின் எதுவார் லூக்கா 127 ஒன்றுகள் கொண்ட எண் பகா எண் என்று காட்டினார். அதற்கு 39 இலக்கங்கள். 2024 அக்டோபரில் லூக் டுரன்ட் என்பவர், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து தேடும் திட்டத்தில், 13,62,79,841 ஒன்றுகள் கொண்ட பகா எண்ணைக் கண்டுபிடித்தார். அதற்கு 4,10,24,320 இலக்கங்கள்.

லூக்கா கண்ட வழியைப் பின்னால் லெமர் என்பவர் எளிமைப்படுத்தினார். அது வகுஎண்களைத் தேடவே வேண்டாம் என்கிறது. 4-இல் தொடங்கு, வர்க்கமாக்கி 2 கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடு, திரும்பச் செய். 31-ஐச் சோதிப்போம்: 4, அடுத்து 14, அடுத்து 194-இன் மீதி 8, அடுத்து 62-இன் மீதி 0. பூஜ்யம் வந்துவிட்டது, 31 பகா எண். நம் 2147483647-க்கு இப்படி 29 படிகள் போதும். எண்பது வகுத்தலுக்குப் பதில் இருபத்தொன்பது வர்க்கம். ஆய்லர் இதை அறிந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று தோன்றும்.

மூன்றாவது ஒரு சங்கிலி. 5 பகா எண். 5 ஒன்றுகள் எழுதினால் 31, பகா எண். 31 ஒன்றுகள் எழுதினால் 2147483647, பகா எண். அப்படியானால் 2147483647 ஒன்றுகள் எழுதினால்? அந்த எண்ணை எழுதவே சுமார் 64 கோடியே 65 லட்சம் இலக்கங்கள் வேண்டும். சங்கிலி இங்கே அறுந்துவிடுகிறது. அந்த ராட்சத எண்ணை 295257526626031 என்ற பதினைந்து இலக்க எண் மீதியில்லாமல் வகுக்கிறது. இதிலும் ஃபெர்மாவின் விதி கண் முன்னே நிற்கும்: இந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது 2147483647-இன் இரு மடங்கை 68745-ஆல் பெருக்கியது. 31-க்கு 62 தாண்டித் தாண்டித் தேடினோமே, அதே தேடல் இன்னொரு மாடி மேலே. இதை அக்கா மகளிடம் சொன்னபோது, கால்குலேட்டரில் இடம் போதாமல் நோட்டின் பின்னட்டையில் கையால் பெருக்கிப் பார்த்தாள். 295257526626030 வந்தது. ஒன்று கூட்டி அடிக்கோடிட்டாள்.

அந்த எண் இன்னும் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறது. 2014-இல் யூடியூபில் ஒரு கொரியப் பாட்டின் பார்வை எண்ணிக்கை இதைத் தாண்டும் நிலை வந்தபோது அவர்கள் எண்ணியை 64 பிட்டாக்கினார்கள். 1970-இன் தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிகளில், 2147483647-ஆவது நொடி நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு வரும். அடுத்த நொடியில், திருத்தப்படாத கணினிகள் 1901 டிசம்பருக்குப் போய்விடும். எங்கள் ஜவுளிக் கடைக் கணக்கில் நடந்ததேதான், காசுக்குப் பதில் காலம்.

நோட்டு முடிய மூன்று வாரம் ஆனது. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிசைகளின் முனை. 46191 மூன்றால் உடைந்தது, இலக்கக் கூட்டல் 21. அடுத்தது 46129. அது உடைய மறுத்தது. 7, 11, 13 என்று தொடங்கி நூறைத் தாண்டியும் எதுவும் போகவில்லை. "இது பகா எண்தான் மாமா, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் போனாள். 127, 131, 137, 139, 149, 151, 157. கொஞ்ச நேரம் பென்சில் சத்தம் மட்டும். பிறகு உள்ளே இருந்து கத்தினாள்: "உடைஞ்சிருச்சு! நூத்தி அறுபத்து மூணு இன்டு இருநூத்தி எண்பத்து மூணு!"

அதற்கு முந்தையது 45943. அதை 211 வரை போட்டுப் பார்த்தும் உடையவில்லை. அதன் வர்க்கமூலம் 214 சொச்சம் என்பதால் அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. அதுதான் கடைசி வகுஎண். நோட்டை அவளிடமே கொடுத்து, இதை நீயே வகு என்றேன். மேலே 2147483647 என்று எழுதினாள். கோடு போட்டாள். ஈவு 46742 வந்தது. கடைசிக் கழித்தலை இரண்டு முறை செய்து, ஒன்பதால் சரிபார்த்து, மீதி என்று எழுதிப் பக்கத்தில் 15941 என்று போட்டாள். அப்புறம் தேதி எழுதினாள்.